மிதவை அடங்கும் நேரம்

மற்ற பூங்காக்களில் மூடுகிற நேரம் வந்தால் காவலாளி விசில் ஊதுவார். இந்தச் சதுப்புநிலப் பூங்காவில் விசில் ஊதக் கூடாது. ஊதினால் நாணலுக்குள் அடைந்த பறவையெல்லாம் கலைந்துவிடும், மறுநாள் பூங்கா அதிகாரி வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் இங்கே வேறு முறை. வாசல் பார்க்கிற அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மிதவை நடைபாதையின் முதல் துண்டில் உட்கார்ந்து, பலகைமேல் வெறுங்காலை ஊன்றிக்கொள்வாள். தண்ணீர்மேல் பிளாஸ்டிக் பீப்பாய்கள், பீப்பாய்கள்மேல் மரப்பலகை, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே இரும்புக் கீல். அந்தக் கோடியில் ஒருவர் திரும்பி நின்றால்கூட இந்தக் கோடியில் காலுக்குத் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறவரை மிதவை அடங்காது. அடங்கியதும் வாசலைப் பூட்டிவிடலாம்.

அம்மாவுக்குக் காது காலில் இருக்கிறது என்று பூங்காவில் எல்லோரும் கேலி செய்வார்கள். மிதவைக்காரம்மா என்பதே அவள் பெயராகிவிட்டது. அவளும் சிரித்துக்கொள்வாள். கஷ்டம் எங்கே என்றால், எல்லோரும் வெளியே போன பிறகும், ஈ காக்கா இல்லாத நேரத்திலும், அவள் காலுக்கு மிதவை அடங்கியதில்லை.

தூரக்கோடியிலிருந்து ஒரு நடை கிளம்பும். நாலு எட்டு வைக்கும், கீல் வந்ததும் நிற்கும். குதிகாலால் ஒரு அழுத்து, இன்னொரு அழுத்து. மறுபடி நாலு எட்டு, மறுபடி அழுத்து. கீலுக்குள் இருக்கும் ஆணி தேய்ந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள், தேய்ந்திருந்தால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பூங்காவில் அப்படி மிதித்துப் பார்த்த ஆள் ஒருவர்தான். அது அவள் புருஷன். அவர் காணாமல் போய் வருஷக்கணக்காகிறது.

அவர் அங்கே ஃபிட்டர் வேலை பார்த்தவர். போல்ட்டு என்று சொன்னால் பூங்காவில் எல்லோருக்கும் தெரியும். சட்டைப்பை, கால்சட்டைப்பை, மதியச் சாப்பாட்டுப் பை, எல்லாவற்றிலும் போல்ட்டு. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கைக்குட்டை எடுக்கப் போய் நட்டும் வாஷருமாகக் கொட்டி, குனிந்து பொறுக்கி மானத்தை வாங்கிய மனுஷர். மகள் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வயதில், ஒரு சாயங்காலம், கோடித் துண்டுல ஆணி ஆடுது, பாத்துட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

தேடினார்கள். தேடின லட்சணம் அழகுதான். அது பறவைகள் கூடு கட்டும் பருவம், சேற்றைக் கலக்கினால் குஞ்சுகளுக்கு ஆகாது என்று அன்றைய அதிகாரி படகைத் தள்ளியே நிறுத்தச் சொன்னார். அங்கே இங்கே கழியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அதற்குள் டீக்கடைக்காரர் ஒருவர், பையோடு அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். தேடுகிறவனுக்கு அதைவிட வசதியான சேதி உண்டா? படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பிற்பாடு அதே டீக்கடைக்காரர், அவர் மாதிரி இருந்துச்சு, அவர்தானான்னு சத்தியம் பண்ண முடியாது என்று இழுத்தார். அதைக் கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

அம்மா மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "அவரு எங்கயும் போகல. இங்கதான் இருக்காரு." யார் கேட்டாலும் அதே பதில். பாவம் பார்த்தோ, வாயை அடைக்கவோ, பூங்காவில் வாசல் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். கூடவே வாசலை ஒட்டி இரண்டு அறைக் குடில் ஒன்றும் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் அதன் சுவர் வியர்க்கும், துணி காயாது, அரிசி டப்பாவுக்குள் கை விட்டால்கூட ஈரம் தெரியும். மகள் அங்கேதான் வளர்ந்தாள்.

மகள் பஸ் ஸ்டாண்டை நம்பினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விட்டால்தானே நம்பாமல் இருப்பதற்கு. உங்கப்பா ஓடிட்டாராமே என்று ஒருத்தி கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகப் பையை மூலையில் வீசினாள். அதிலிருந்து அவரை அவள் அப்பா என்று சொன்னதே இல்லை. அந்த ஆளு. அந்த ஆளு சட்டையை இன்னும் ஏன்மா மடிச்சு வெச்சிருக்க. அந்த ஆளு வந்தாரா நேத்து. அம்மா வருத்தப்படாமல், "வந்தாருடி, நடுவுல நின்னுட்டாரு, இந்தப் பக்கம் வரல" என்பாள். மகளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும்.

படித்தாள், கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள், தண்ணீரில் செய்கிற வேலைகளுக்குச் சூப்பர்வைசர் ஆனாள். கல்யாணமும் ஆயிற்று. மூன்றாவது மாடியில் ஈரமில்லாத ஒரு வீடு, அதில் அம்மாவுக்கென்று ஒரு அறை, கட்டில், மின்விசிறி, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் விளக்கு சுவிட்ச். அந்தக் கட்டிலில் யாரும் படுக்காமலே விரிப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கூப்பிடுவாள். அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

போன மழைக்காலத்தில்தான் நிலைமை மோசமானது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் பார்த்தபோது வாசல் திறந்து கிடந்தது, குடிலில் ஆளில்லை. அம்மா தூரக்கோடியில், சொட்டச் சொட்ட நனைந்து, உடம்பு கொதிக்க, பலகையில் சாய்ந்து கிடந்தாள். நடை பாதியிலேயே நின்றுவிட்டதாம், என்னவோ என்று பார்க்கப் போனாளாம். ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து எழுந்தாள். நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது, அந்த ஈரத்தில் இனி வைக்காதீர்கள் என்று டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னொரு மழைக்கு நான் உன்னை அங்கிருந்து தூக்கிட்டு வர முடியாதும்மா."

"நான் கிளம்பிட்டா அவரு வந்து பாத்து ஏமாந்துடுவாரேடி."

இப்படிச் சொல்கிற ஒருத்தியிடம் என்ன பேசுவது? மகள் தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி இறங்கினாள். அம்மா குடிலுக்கே திரும்பிவிட்டாள்.

அந்த நேரத்தில் மிதவைக்கே காலம் முடிந்தது. பீப்பாய்கள் வெடித்துத் தண்ணீர் குடித்தன, பலகை ஊறிப்போய்க் காலுக்கு மெத்தென்று அமுங்கியது. சுற்றிப் பார்க்க வந்த ஒருவரின் கால் பலகையைத் துளைத்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போனதும், மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிது போடுவதென்று முடிவாயிற்று. பறவை, முட்டை, சேறு, தடை என்று ஆயிரம் நிபந்தனை உள்ள வேலை, கம்பெனியில் ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். மகள் தானே கேட்டு வாங்கினாள். வாங்கிய கையோடு அம்மாவிடம் போய் நின்றாள்.

"ஒவ்வொரு துண்டா எடுத்து அடியில பாக்கப்போறேன். அந்த ஆளு இருந்தா செய்ய வேண்டியதைச் செஞ்சுடலாம். இல்லன்னா நீ பெட்டியைக் கட்டிக்கிட்டு என்கூட வரணும். பேச்சு மாறக் கூடாது."

அம்மா வெகுநேரம் நகத்தால் பாயைக் கீறிக்கொண்டிருந்தாள். "வரேன். ஆனா வேற யாரும் சொல்லி நான் நம்பமாட்டேன். நீ பாத்துச் சொல்லணும்."

குஞ்சுகள் பறந்து போன பிறகு வேலை தொடங்கியது. இயந்திரம் கூடாது, எல்லாம் கைவேலை. கலங்கிய சேறு பரவாமல் இருக்கத் துண்டைச் சுற்றி நீருக்குள் துணித்திரை கட்டுவார்கள். பூங்கா அதிகாரி பலகைக்கு அடியில் கூடு, முட்டை இருக்கிறதா என்று குப்புறப் படுத்துப் பார்ப்பார். இப்போதைய அதிகாரி நல்ல மனுஷர், கொஞ்சம் நச்சரிப்பு. அவர் தலையசைத்ததும் முங்கி வேலை செய்கிறவன் உள்ளே போய் நங்கூரச் சங்கிலியைக் கழற்றுவான். கருத்த ஒல்லி, கழுத்து நீளம், நீர்க்காக்கா என்று கூப்பிடுவார்கள். கீலைத் தட்டிக் கழற்றித் துண்டைக் கரைவரை தள்ளிக்கொண்டு வருவார்கள். தூரக்கோடியில் ஆரம்பித்துக் கரையைப் பார்த்து வந்தார்கள்.

மகள் முதல் நாளே நீர்க்காக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். "அடியில கையால தடவிப் பாக்கணும். என்ன கிடைச்சாலும் முதல்ல எங்கிட்ட. அம்மா காதுக்குப் போகக் கூடாது."

"என்ன தேடறோம்னு சொன்னா நல்லா இருக்கும் மேடம்."

சொன்னாள். அவன் அதற்கப்புறம் வேலை நேரத்தில் ஜோக் அடிப்பதை விட்டுவிட்டான்.

புது மிதவைகள் கரையில் அடுக்கியிருந்தன. கனமான பெட்டிகள், ஒன்றோடொன்று இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். இதில் ஒருத்தர் குதித்தாலும் பக்கத்துத் துண்டில் நிற்கிறவருக்குத் தெரியாது என்று அதிகாரி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியாதுன்னா எப்படிங்க பூட்டறது?"

"கேமரா வெக்கிறோம்மா. நீங்க காலைக் கழுவிட்டு நிம்மதியா உக்காரலாம்."

அம்மா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். அன்று சாயங்காலமும் மிச்சமிருந்த மிதவையில் போய் உட்கார்ந்தாள். கோடியில் சில துண்டுகள் போய்விட்டிருந்தன. மகள் குடில் வாசலில் நின்று பூட்ஸின் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டாள், "வந்தாரா?"

"வந்தாரு. பாவம், நடக்க இடம் கம்மியாயிடுச்சு."

வேலை நகர நகர, நடையும் வெட்டிய இடத்திலிருந்தே கிளம்பியது. அம்மா தினமும் சொன்னாள், மகள் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஆட்கள் கிளம்பிய பிறகு, வெட்டிய கோடிவரை தானே நடந்து போய் நின்றாள். பாதி மிதவை போயிருந்தது. முன்னால் வெறும் தண்ணீர், அதில் நாணல் நிழல். கரையில் அம்மா சின்னதாகத் தெரிந்தாள்.

"கோடியில நான்தான் நிக்கிறேன், நல்லாப் பாத்துக்கோ," என்று கத்தினாள். "வேற யாரும் இல்ல."

சொல்லி வாயை மூடவில்லை, அவளுக்குப் பின்னால் பலகை தாழ்ந்தது. மெல்ல ஒரு அழுத்து. அழுத்தி இன்னொன்று. திரும்பினாள். ஒன்றுமில்லை. கீல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அதற்கு அடுத்த கீல், இன்னும் கரைப்பக்கமாக, ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. தளர்ந்த ஆணி, காற்று, பெரிய மீன் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எதுவும் மனசில் ஒட்டவில்லை. ஓடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஓடினால் அதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கரைக்கு வந்தபோது முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.

"உன்னைத் தாண்டி வந்தாரு," என்றாள் அம்மா. "தலைமேல கை வெச்சாரா?"

"பேசாம இரும்மா." அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட புருஷனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

அடுத்த வாரம் நீர்க்காக்கா தண்ணீருக்கு மேலே வந்தவன் வழக்கம்போல மூச்சு வாங்கிக் கத்தவில்லை. அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கையில் கறுப்புச் சேறு அப்பிய நீளமான எலும்பு. கரைப்பக்கம் டீ கொண்டுவந்த அம்மா நிற்பதைக் கவனிக்காமல், மகள் பலகையில் மண்டியிட்டு அதை வாங்கினாள். கிடைச்சுட்டாரு என்று நினைத்தாள். அந்த ஆளு என்று நினைக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்து, உடம்பே லேசானது. ஓடிப்போகவில்லை. எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. இத்தனை வருஷமும் இங்கே, நான் பல் தேய்த்துத் துப்பிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறார். ஒரு மனுஷனின் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவளுக்கே பயமாகிவிட்டது.

அதிகாரி வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காட்டுப்பன்னியோட தொடை எலும்புங்க. இங்க நிறைய இருந்துச்சு ஒரு காலத்துல."

அவ்வளவுதான். சப்பென்று போயிற்று. மதியத்துக்கு மேல் அவள் கண்ணில் பட்டவரையெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். கயிறு கட்டியது சரியில்லை, திரை கிழிஞ்சிருக்கு, இதுக்கா சம்பளம். பிறகு சாமான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த பீப்பாய் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் இங்கே இல்லை என்று அம்மாவுக்கு நிரூபிக்கத்தானே வந்தாள்? இல்லையென்று ஆக ஆக, அவளுக்கு நல்லதுதானே?

துண்டு துண்டாகக் கரையேறியது. மூக்குக்கண்ணாடிகள் கிடைத்தன, செத்துப்போன கைபேசிகள் கிடைத்தன, ஒற்றைக் குழந்தைச் செருப்பு, குடைக்கம்பி, துருப்பிடித்த போல்ட்டுகள் அள்ள அள்ள வந்தன. மனுஷர் கிடைக்கவில்லை. அவள் அதிகாரியைப் பிடித்துக் குடைந்தாள். தண்ணி இழுத்துட்டுப் போயிருக்குமா? இங்கே ஓட்டமே இல்லை என்றார். மட்கியிருக்குமா? இந்தச் சேறு எதையும் மட்க விடாதுங்க, நூறு வருஷத்து மரக்கட்டைகூட அப்படியே இருக்கு என்றார். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. சும்மா ஒரு பேச்சுக்காவது இருக்கலாம் என்று சொன்னால் என்ன? துண்டுகளை எடுத்த இடங்களுக்கே நீர்க்காக்காவை மறுபடி அனுப்பினாள். அவனும் முகம் சுளிக்காமல் போனான், ஒவ்வொரு முழமாகத் தடவினான், மேலே வந்து இல்லையென்று தலையாட்டினான். கடைசியில் அவளே தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவினாள்.

கடைசித் துண்டுக்கு முந்திய துண்டும் கரையேறிவிட்டது. மகள் குடிலுக்குள் போனாள். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுக்கப் பாத்துட்டேன்மா, மிச்சமிருக்கிற துண்டுக்கு அடியிலயும். இல்ல."

"நீ பாத்தியா?"

"நானும் இறங்கித் தேடினேன். இல்ல."

அம்மா துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். பெட்டியில் ஏற்கெனவே எல்லாம் வைத்திருந்தாள். மடித்துவைத்த சட்டையைக் கையில் எடுத்து, உள்ளே வைக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். பிறகு அலமாரியிலேயே வைத்து மூடினாள். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு மாறக் கூடாது என்று சொன்னவள் அவள்தான், மாறியிருந்தால் தேவலை என்று இப்போது இருந்தது.

வெளியே ஆட்கள் கடைசித் துண்டின் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை உக்காந்துட்டு வந்துடறேன்," என்றாள் அம்மா.

ஆட்களிடம் தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மகளும் கூடப் போனாள். எதனோடும் சேராத ஒற்றைத் துண்டு, இருவர் ஏறியதும் தள்ளாடியது. அம்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மகள் அவளுக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கத்து விளிம்பில் நின்றாள். தள்ளாட்டம் குறைந்தது. அலை குறைந்தது. பீப்பாயில் தண்ணீர் தட்டும் சத்தமும் நின்றது.

மிதவை அடங்கிவிட்டது.

அம்மா அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். கால்விரல்கள் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தன, நகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷமாக நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்ததை மகள் பின்னாலிருந்து பார்த்தாள். போதும்மா, எழுந்திரு என்று சொல்ல வேண்டியவள் அவள். வண்டி நிற்கிறது, மூன்றாவது மாடியில் அறை காத்திருக்கிறது, டாக்டர் சொன்னது காதில் இருக்கிறது, ஜெயித்தாயிற்று.

அவள் பூட்ஸை ஓசைப்படாமல் கழற்றினாள். குதிகாலை விளிம்பில் வைத்து ஒருமுறை அழுத்தினாள். இன்னொருமுறை அழுத்தினாள்.

பலகை தாழ்ந்து எழுந்தது. அம்மா திரும்பவில்லை.

"அது நீடி," என்றாள்.

மகள் காலை எடுக்காமல் நின்றாள்.

"அவரு முதல்ல மெதுவா மிதிப்பாரு, ரெண்டாவதுதான் அழுத்தி. நீ ரெண்டையும் ஒரே மாதிரி மிதிக்கிற." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "அன்னைக்கு அந்த எலும்பை வாங்கினப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். நீயும் தேடிட்டுதான் இருந்தியா? இத்தனை வருஷமாவா?"

கரையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் ஈரப்பலகையில் அப்படியே உட்கார்ந்தாள், அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்பா எங்கம்மா போனாரு?"

அம்மா வாயைத் திறந்தாள். இங்கதான் இருக்காரு என்று ஊர் முழுக்கச் சொன்ன பதில் தயாராகத்தான் இருந்தது. தலையைத் திருப்பி, திறந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். பின்னால் கையை நீட்டி மகளின் தலையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலம்மா," என்றாள்.